ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்

வாசகர் கேள்வி – பதில்

ஆர்டர் வெளிநாட்டுக்குப் போகிறது, ஆலை ஆட்டம் காண்கிறது, அடுத்து என்ன என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பாதிக்கு மேற்பட்டவை பின்னலாடைத் தொழிலிலிருந்து வந்தவை.

பனியன் கம்பெனியில் 12 வருஷமாக டெய்லர். ஆர்டர் வங்கதேசத்துக்குப் போய்விட்டது என்று சொல்லி 40 பேரை நிறுத்துகிறார்கள். “சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் கணக்கை இந்த வாரமே முடித்துவிடலாம்” என்கிறார் எச்.ஆர். எழுதிக் கொடுக்கலாமா?
– வாசகி, அவிநாசி

எழுதிக் கொடுக்காதீர்கள். அந்த ஒரு வரி உங்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

உங்கள் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் ₹15,600, முழுதாக 12 வருஷ சர்வீஸ் என்று வைத்துக்கொள்வோம். பணிக்கொடை (கிராஜுவிட்டி) எப்படி விலகினாலும் உண்டு. 15,600-ஐ 26-ஆல் வகுத்தால் நாளுக்கு ₹600. அதை 15-ஆல் பெருக்கினால் வருஷத்துக்கு ₹9,000. 12 வருஷத்துக்கு ₹1,08,000. ராஜினாமா எழுதிக் கொடுத்தால் பி.எஃப்., பாக்கிச் சம்பளம், போனஸ் தவிர உங்கள் கைக்கு வருவது இதோடு சரி.

அதே நீக்கம் ஆட்குறைப்பு என்ற பெயரில் நடந்தால் இதற்கு மேல் மூன்று தொகைகள் சேரும். ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், தராவிட்டால் அந்த மாதச் சம்பளம் ₹15,600. வருஷத்துக்கு 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு, இங்கே மாதத்தை 30 நாளாக வகுத்து நாளுக்கு ₹520, அதாவது ₹7,800 வீதம் 12 வருஷத்துக்கு ₹93,600. 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி மறுதிறன் நிதியிலிருந்து (வேலை இழந்தவர் புதுத் திறன் கற்பதற்கான நிதி) 15 நாள் ஊதியம் ₹7,800. இது ஆட்குறைப்பு நடந்த 45 நாளுக்குள் உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். பணிக்கொடையோடு எல்லாம் சேர்த்தால் ₹2,25,000.

கணக்கு இன்னும் முடியவில்லை. இ.எஸ்.ஐ.யில் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்ற வேலையின்மைப் படி இருக்கிறது. ஆட்குறைப்பாலோ ஆலை மூடியதாலோ வேலை போனவருக்கு முதல் 12 மாதம் சராசரி தினக்கூலியில் 50 சதவீதமும் அடுத்த 12 மாதம் 25 சதவீதமும் கிடைக்கும். இந்தக் காலத்தில் இ.எஸ்.ஐ. மருத்துவமும் தொடரும். தினக்கூலி ₹520 என்று வைத்தால் முதல் வருஷம் நாளுக்கு ₹260, அடுத்த வருஷம் ₹130. இரண்டு வருஷமும் வேலை கிடைக்காமல் போனால் ₹1,42,350 வரை வரும். நடுவில் வேறு வேலையில் சேர்ந்துவிட்டால் படி நின்றுவிடும். தானாக ராஜினாமா செய்தவருக்கு இது கிடையாது. ஆக, அந்தக் கடிதத்தின் விலை உங்கள் விஷயத்தில் சுமார் இரண்டரை லட்சம் ரூபாய்.

பக்குவமாகச் சொல்லுங்கள்: “நான் விலகவில்லை. கம்பெனி நிறுத்துவதாக இருந்தால் ஆட்குறைப்பு என்று காரணம் போட்டு எழுத்தில் தாருங்கள்.” வெள்ளைத் தாளிலோ, தேதி போடாத தாளிலோ, “எல்லாத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று அச்சடித்த தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். சம்பளப் பாக்கிக்கு மட்டும் ரசீது கேட்டால், தொகையையும் எந்த மாதச் சம்பளம் என்பதையும் உங்கள் கைப்பட எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நிறுத்தினால் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தர வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. கணக்கை இந்த வாரமே முடிப்பது அவர்கள் உங்களுக்குச் செய்யும் சலுகை ஆகாது. அது அவர்களின் கடமை.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். “வற்புறுத்தலின் பேரில் எழுதியது, திரும்பப் பெறுகிறேன்” என்று நிறுவனத்துக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். நகலைத் தொழிலாளர் உதவி ஆணையருக்கு அனுப்புங்கள். நிர்வாகம் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் சொல்வதற்கு முன் இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டால் உங்கள் பக்கம் மிகவும் பலப்படும்.

வங்கதேசத்தில் கூலி பாதி என்பதால்தான் ஆர்டர் போகிறது என்கிறார்கள். நாங்களும் கூலியைக் குறைத்துக்கொண்டால் ஆர்டர் இங்கேயே தங்குமா?
– வாசகர், திருப்பூர்

தங்காது. ஒரே ஒரு டி-ஷர்ட்டை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம்.

160 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி 160 கிராம்) சிங்கிள் ஜெர்சி, வட்டக் கழுத்து, அரைக்கை. உடல் நீளம் 72 செ.மீ., கை நீளம் 22, தையலுக்கும் மடிப்புக்கும் 10, மொத்தம் 104. அகலம் மார்பு பாதி 54, கூட 4, மொத்தம் 58. முன், பின் இரண்டு பக்கத்துக்கும் 104 × 58 × 2 × 160 என்பதை, மீட்டருக்கும் கிலோவுக்கும் மாற்ற ஒரு கோடியால் வகுத்தால் 0.193 கிலோ. 10 சதவீதம் கழிவு சேர்த்தால் 212 கிராம் துணி. சாயம் ஏற்றிய துணி கிலோ ₹450 என்றால் துணிச் செலவு மட்டுமே ₹95.

இனி தையல். இப்படிப்பட்ட டி-ஷர்ட்டுக்கு 8 நிமிடம் எஸ்.ஏ.எம். (ஒரு பீஸ் தைக்க ஆகும் நிர்ணய நேரம்) என்று வைப்போம். 20 மெஷின் லைன், 8 மணி நேரம், மொத்தம் 9,600 நிமிடம். லைன் 50 சதவீதத் திறனில் ஓடினால் 600 பீஸ் வரும். ஆளுக்கு ஷிப்ட் ₹600 என்றால் லைனுக்கு ₹12,000, பீஸுக்கு ₹20.

வங்கதேசத்தில் 2023 டிசம்பர் முதல் ஆடைத் தொழிலின் குறைந்தபட்ச மாத ஊதியம் 12,500 டாக்கா. நம் பணத்தில் சுமார் ₹9,000, நாளுக்கு ₹350 பக்கம். அதே லைன், அதே 600 பீஸ் என்றால் பீஸுக்கு ₹11.70. கூலி வித்தியாசம் ₹8-லிருந்து ₹9-க்குள்தான்.

வரிக்கு வாருங்கள். குறை வளர்ச்சி நாடு என்ற தகுதியால் வங்கதேச ஆடை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சுங்க வரி இல்லாமல் போகிறது. துணியை வேறு நாட்டிலிருந்து வாங்கித் தங்கள் ஊரில் தைத்தாலே போதும் என்று 2011 முதல் விதியையும் தளர்த்திவிட்டார்கள். நம் ஆடைக்கோ பல ஆண்டுகளாக 9.6 சதவீதம் வரி இருந்துவந்தது. ₹250 மதிப்புள்ள டி-ஷர்ட்டுக்கு அது ₹24. கூலி வித்தியாசத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. நீங்கள் பாதிக் கூலிக்கு இறங்கினாலும் ₹10 குறையும், அந்த ₹24 அப்படியே நிற்கும். உங்கள் வீட்டு அடுப்புத்தான் அணையும், ஆர்டர் திரும்பாது.

நம் பக்கம் சரிசெய்ய இடம் இருக்கிறது. அதே லைன் 50-லிருந்து 65 சதவீதத்துக்கு உயர்ந்தால் 780 பீஸ் வரும், கூலி ஒரு பைசா குறையாமலேயே பீஸ் செலவு ₹15.40-க்கு இறங்கும். கட்டிங் மேசையில் மார்க்கரை (துணியில் வெட்டும் துண்டுகளின் வரைபடம்) நெருக்கிப் போட்டுத் துணியில் 5 சதவீதம் மிச்சம் பிடித்தால் இன்னொரு ₹4.75. லைன் திறன் ஏன் 50-லேயே நிற்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் டெய்லர் காரணமாக இருப்பதில்லை. கட்டிங்கிலிருந்து பண்டல் தாமதமாக வருவது, ஷேடு கலந்து வருவது, காலர் ரிப் அளவு மாறி வருவது, ஓவர்லாக்குக்கும் ப்ளாட்லாக்குக்கும் நடுவே பீஸ் குவிந்து கிடப்பது, ஸ்டைல் மாறும் நாளில் அரை நாள் லைன் நிற்பது, இவைதான் நிமிடத்தை விழுங்குகின்றன.

வரிச் சுவரும் மாறி வருகிறது. பிரிட்டனுடன் 2025 ஜூலை 24-இல் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐரோப்பிய ஒன்றியத்துடன் பேச்சு முடிந்ததாக 2026 ஜனவரியில் அறிவித்தார்கள். இரு தரப்பும் ஒப்புதல் அளித்து நடைமுறைக்கு வரும் நாளில்தான் பலன் கிடைக்கும். வங்கதேசம் குறை வளர்ச்சி நாடுகள் பட்டியலிலிருந்து வெளியேற அட்டவணைப்படி நாள் 2026 நவம்பர் 24. அதன் பிறகும் ஐரோப்பாவில் மூன்று ஆண்டுகள் சலுகை நீடிக்கும். அமெரிக்க வரி இதற்கு நேர் எதிரான திசையில் வந்த அடி. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருளுக்கு 50 சதவீதம், வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 சதவீதம் என்று போட்டார்கள். அந்த விகிதம் பிறகு மாறியது. ஆனால் 30 சதவீத இடைவெளியை எந்தத் தொழிலாளியின் கூலிக் குறைப்பாலும் அடைக்க முடியாது என்பதை முதலாளிகளே ஒப்புக்கொள்வார்கள்.

எனக்கு நியமனக் கடிதம் கிடையாது. பீஸ் ரேட், சம்பளம் காண்ட்ராக்டர் கையில்தான் வாங்குகிறேன். எனக்கும் இழப்பீடு உண்டா?
– வாசகர், பெருமாநல்லூர்

பீஸ் ரேட் என்பதாலேயே உரிமை போய்விடாது. நிறுத்துவதற்கு முந்தைய 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் ஒரு வருஷத் தொடர் சர்வீஸ் என்று கணக்கு. சராசரி ஊதியம் எடுக்கவும் வழி இருக்கிறது: மாதச் சம்பளக்காரருக்குக் கடைசி மூன்று முழு மாதம், வாரக் கூலிக்குக் கடைசி நான்கு முழு வாரம், தினக்கூலிக்குக் கடைசி 12 முழு வேலை நாள். ஆர்டர் குறைந்த கடைசி வாரங்களில் உங்கள் வாரப் பணமும் குறைந்திருக்கும், இழப்பீடும் அதனோடு சேர்ந்து சுருங்கும். அதனால் நல்ல சீசன் வாரச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். கடைசி நான்கு வாரம் முழு வாரங்களே அல்ல என்று வாதிட அவைதான் உதவும்.

உங்கள் உண்மையான சிக்கல் நிரூபணம். இ.எஸ்.ஐ. எண் இருந்தால் அதில் எந்த நிறுவனத்தின் கோடு இருக்கிறது என்று பாருங்கள். யூ.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) பாஸ்புக்கில் மாதாமாதம் சந்தா கட்டிய நிறுவனத்தின் பெயர் இருக்கும். வங்கியில் சம்பளம் வந்திருந்தால் ஸ்டேட்மென்ட், கையில் வாங்கியிருந்தால் வாரச் சீட்டு, டோக்கன், பண்டல் டிக்கெட் கிழிசல், ஷிப்ட் போட்ட வாட்ஸப் செய்தி எல்லாமே சாட்சியம். வாட்ஸப் குழுவிலிருந்து உங்களை நீக்கும் முன்பே அந்த உரையாடலைச் சேமித்துக்கொள்ளுங்கள். வேலை போன அன்று சாயங்காலமே குழுவிலிருந்து நீக்குவது வழக்கமாகிவிட்டது.

காண்ட்ராக்டர் சம்பளப் பாக்கி வைத்துவிட்டுப் போய்விட்டால் அதைத் தரும் பொறுப்பு, அவரிடம் வேலை கொடுத்த முதன்மை நிறுவனத்துக்கு உண்டு. மனுவில் காண்ட்ராக்டரை மட்டும் எதிர்த்தரப்பாகப் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. இரண்டு பேரையும் சேருங்கள்.

ஆறு வாரமாக “வேலை வந்ததும் போன் பண்றோம்” என்கிறார்கள். நீக்கியதாகவும் சொல்லவில்லை, சம்பளமும் இல்லை.
– வாசகி, ஊத்துக்குளி

இதற்குச் சட்டத்தில் பெயர் லே-ஆஃப், அதாவது நீக்காமல் தற்காலிகமாக வேலை தராமல் வைப்பது. 50 பேரும் அதற்கு மேலும் உள்ள ஆலையில் ஒரு வருஷ சர்வீஸ் முடித்தவருக்கு லே-ஆஃப் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் 50 சதவீதம் தர வேண்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அந்த நாட்களிலும் தினம் ஒருமுறை வேலை நேரத்தில் ஆலைக்குப் போய் வருகையைப் பதிய வேண்டும். வீட்டில் இருந்தால் அந்த நாளுக்கு இழப்பீடு இல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து, சில மாதம் கழித்து “இவர் தானாகவே வராமல் நின்றுவிட்டார்” என்று பதிவேட்டில் எழுதிவிடுவது. அப்போது ஆட்குறைப்பு இழப்பீடும் கேள்விக்குறியாகும். நாளைக் காலையே கேட்டுக்குப் போங்கள். உள்ளே விடாவிட்டால் கேட் முன்னால் தேதி நேரம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்கள். அன்றே “வேலைக்கு வந்தேன், வேலை தரப்படவில்லை, தொடர்ந்து வரத் தயார்” என்று நான்கு வரி எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். ரசீதைக் கடிதத்தின் நகலோடு பின் அடித்து வையுங்கள். பத்து ரூபாய் நோட்டுப் புத்தகத்தில் தினமும் போன நேரமும் பேசிய ஆளும் குறித்து வைத்தால் சமரசப் பேச்சில் அதற்கு மதிப்பு உண்டு.

ஆலையில் 340 பேர். ராத்திரியில் மெஷினை லாரியில் ஏற்றுகிறார்கள். கேட்டால் பராமரிப்புக்கு என்கிறார்கள். மூடப்போகிறார்களா?
– வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

மெஷின் போவது ஓர் அறிகுறி. மோல்டும் டையும் ஜிக்கும் (பொருளுக்கு வடிவம் தரும் அச்சுகளும் தாங்கிகளும்) போவது அதைவிட உறுதியான அறிகுறி. அவை பெரும்பாலும் ஆர்டர் கொடுத்த நிறுவனத்தின் சொத்து. அவற்றைத் திருப்பி எடுத்துக்கொண்டால் அந்தப் பொருளை இனி இந்த ஆலையில் செய்யப்போவதில்லை என்று பொருள். மூலப்பொருள் இருப்பு மூன்று வாரத்திலிருந்து மூன்று நாளாகக் குறைவது, பயிற்சியாளர்களைப் புதுப்பிக்காமல் விடுவது, திறமையான மெக்கானிக்குகளை “ஆறு மாதம் பயிற்சி கொடுக்க” வெளிநாட்டுக்கு அனுப்புவது, இவையும் கவனிக்க வேண்டியவை.

300 பேரும் அதற்கு மேலும் உள்ள தொழிற்சாலையை மூட அரசின் முன் அனுமதி வேண்டும். மூடுவதற்கு 90 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், தொழிலாளர் தரப்புக்கும் நகல் தர வேண்டும். அனுமதி இல்லாமல் மூடினால் மூடாததாகவே கருதி எல்லாப் பலனும் தர வேண்டும். முன்பு இந்த எல்லை 100 பேராக இருந்தது, புதிய தொகுப்பில் 300 ஆக்கிவிட்டார்கள். நூற்றுக்கும் முந்நூறுக்கும் இடைப்பட்ட ஆலைகளில் வேலை செய்கிறவர்கள் இதில் இழந்தது மிகப் பெரிது. அவர்களுக்கு மிஞ்சியது 60 நாள் நோட்டீஸும் இழப்பீடும்தான்.

300 என்பது முந்தைய 12 மாதத்தின் சராசரித் தலைக்கணக்கு. அதனால் மூடுவதற்குச் சில மாதம் முன்பே விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஆளைக் குறைத்து 299-க்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். உங்கள் ஆலை அந்த எல்லைக்கு வெகு அருகில் இருக்கிறது. மாதாமாதம் எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள் என்ற கணக்கைச் சங்கம் இப்போதிருந்தே எழுதிவரட்டும்.

இன்னொன்று. “எங்கள் கட்டுப்பாட்டை மீறிய சூழ்நிலை” என்று சொல்லி மூன்று மாதச் சம்பளத்தோடு இழப்பீட்டை நிறுத்தப் பார்ப்பார்கள். பண நெருக்கடி, நஷ்டம், விற்காத சரக்குத் தேக்கம், குத்தகை முடிந்தது ஆகியவை மட்டுமே காரணமாக இருந்தால் அந்தச் சலுகை கிடையாது என்று சட்டமே சொல்கிறது. ஆர்டர் போனதால் நஷ்டம் என்பது இந்தப் பட்டியலுக்குள் அடங்கும்.

நோக்கியா ஆலை மூடியபோதும் வியட்நாமில் கூலி குறைவு என்றுதான் சொன்னார்கள். உண்மையா?
– வாசகர், சுங்குவார்சத்திரம்

முழுதாக அல்ல. ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2013-இல் வருமான வரித் தகராறில் சொத்துகள் முடக்கப்பட்டன. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, அந்தச் சிக்கலால் இந்த ஆலை விற்பனையில் சேரவில்லை. பிறகு சிறிது காலம் மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒப்பந்தத்தில் செய்து கொடுத்தார்கள். அந்த ஒப்பந்தமும் நின்று 2014 நவம்பர் 1-இல் மூடியது. மைக்ரோசாஃப்ட் தன் கைபேசி உற்பத்தியை ஹனோயில் குவித்தது. வரி, நிறுவன விற்பனை, பொத்தான் போனின் வீழ்ச்சி மூன்றும் ஒரே நேரத்தில் வந்தன. கூலி நான்காவது காரணம்.

இதே நிறுவனம் 2008-இல் ஜெர்மனியின் போஹும் ஆலையை மூடி, செலவு குறைவு என்று ருமேனியாவின் க்ளுஜுக்குப் போனது. மூன்றே ஆண்டில் க்ளுஜையும் மூடி வேலையை ஆசியாவுக்கு மாற்றியது. 2012-இல் பின்லாந்தின் சாலோவிலும் உற்பத்தி நின்றது. போஹும் தொழிலாளிக்கு நாம் மலிவு, நமக்கு இன்னொருவர் மலிவு. ஸ்ரீபெரும்புதூர் நிலம் பிறகு சால்காம்ப் கைக்குப் போய், சார்ஜர் உற்பத்தி வந்தது. ஆனால் 2014-இல் வெளியேறிய பெண்களில் பெரும்பாலானோருக்கு அது வெகு தாமதம்.

மறைமலைநகர் ஃபோர்டு ஆலையையும் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அங்கே காரணம் கார் விற்பனைக் குறைவும் நஷ்டமும். 2021 செப்டம்பரில் அறிவித்து 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. தொழிலாளர்கள் சேர்ந்து நின்று பேசியதால் சட்டக் கணக்கான 15 நாளைப்போலப் பல மடங்கு ஒரு வருஷ சர்வீஸுக்குக் கிடைத்தது. விருப்ப ஓய்வுத் தொகை அப்படிச் சட்டக் கணக்கைத் தாண்டினால் ஏற்கலாம். நீங்கள் இ.எஸ்.ஐ.க்கு உட்பட்டவர் என்றால் விருப்ப ஓய்வுக்கு வேலையின்மைப் படி கிடையாது என்பதால் அந்தத் தொகையையும் கழித்துப் பாருங்கள்.

பி.எஃப். பணத்தை உடனே எடுத்துவிடட்டுமா? மொத்தச் சர்வீஸ் 9 வருஷம் 7 மாதம்.
– வாசகர், ஓசூர்

சேமிப்பு, பென்ஷன் என்ற இரண்டு கணக்கையும் தனித்தனியாகப் பாருங்கள். சேமிப்புக் கணக்கில் தேவைக்கு மட்டும் எடுங்கள். 58 வயது வரை வட்டி ஓடும். வேலை இழந்ததும் 75 சதவீதம் உடனே, மீதி 12 மாதம் கழித்து என்றும், பென்ஷன் பணத்துக்கான காத்திருப்பு 2 மாதத்திலிருந்து 36 மாதம் என்றும் மாற்ற 2025 அக்டோபரில் பி.எஃப். அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்தது. விண்ணப்பிக்கும் நாளில் இணையதளத்தில் எந்த விதி ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பென்ஷன் கணக்கில் கை வைக்காதீர்கள். ஆறு மாதமும் அதற்கு மேலும் ஒரு வருஷமாக முழுமையாக்கப்படும் என்பதால் 9 வருஷம் 7 மாதம் 10 வருஷமாகிறது. 58 வயதில் மாதாமாதம் பென்ஷன் உண்டு. 50-லிருந்தும் வாங்கலாம், ஆனால் 58-க்கு முந்தைய ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் குறையும். 10சி படிவத்தில் பணம் எடுப்பதற்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் (உங்கள் பென்ஷன் சர்வீஸைக் காட்டும் சான்று) கேளுங்கள்.

விண்ணப்பம் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் மூன்றே காரணம்: ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப்.பில் ஒரு பெயர். நிறுவனம் வெளியேறிய தேதியைப் போடாதது. வங்கிக் கணக்கு இணையாதது. கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து வெளியேறிய தேதியை நீங்களே யூ.ஏ.என். தளத்தில் பதியலாம். ஐந்து வருஷத்துக்குள் எடுத்தால் வரி என்ற விதி, நிறுவனம் தொழிலைச் சுருக்கியதாலோ நிறுத்தியதாலோ வேலை போனவருக்குப் பொருந்தாது. ஆட்குறைப்புக் கடிதம் இங்கேயும் கைகொடுக்கும்.

இலங்கையில் தையல் ஆலை மூடினால் என்ன கிடைக்கும்? நான் ஐந்து வருடமாக வேலை செய்கிறேன்.
– வாசகி, வவுனியா

உங்கள் சட்டம் இந்தியச் சட்டத்தைவிட வலுவானது. 15 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நீக்க அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் இது. இழப்பீட்டுச் சூத்திரத்தில் முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம். உங்களுக்குப் பன்னிரண்டரை மாதச் சம்பளம் வரும், அதற்கு மேல் சேவைக்காலப் பணிக்கொடை வருடத்துக்கு அரை மாதம். ஊழியர் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் தனி. இங்கும் அந்தச் “சம்மதம்” என்ற சொல்தான் பொறி. தாளில் எந்தத் தொகை எழுதியிருக்கிறது என்று இந்தச் சூத்திரத்தோடு ஒப்பிடாமல் சம்மதக் கையெழுத்து வைக்க வேண்டாம்.

கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போய்விட்டது. எட்டு மாதச் சம்பளம் பாக்கி.
– வாசகர், கோவை

தீர்வு நிபுணர் (திவால் நடவடிக்கையை நடத்த நியமிக்கப்பட்டவர்) பத்திரிகையில் வெளியிட்ட அறிவிப்பைத் தேடி எடுங்கள். பாக்கியைக் கேட்க தொழிலாளிக்குப் படிவம் டி, பலருக்காக ஒருவர் கேட்டால் படிவம் இ. நடவடிக்கை தொடங்கிய 90 நாளுக்குள் தாக்கல் செய்யுங்கள். நிறுவனம் கலைக்கப்பட்டால், கலைப்பு தொடங்கிய தேதிக்கு முந்தைய 24 மாதத் தொழிலாளர் பாக்கி, அடமானம் வைத்திருக்கும் வங்கிகளுக்குச் சமமான வரிசையில் நிற்கும். பி.எஃப்., பணிக்கொடை நிதிகள் அந்தச் சொத்துக் கணக்கிலேயே சேராது. அவற்றைத் தனியாகக் கேளுங்கள்.

எங்கே, எப்படிப் புகார் கொடுப்பது? வக்கீலுக்குப் பணம் இல்லை.
– வாசகி, பல்லடம்

முதலில் உங்கள் பகுதித் தொழிலாளர் உதவி ஆணையரிடம் சமரச மனு. வெள்ளைத் தாளில் போதும்: சேர்ந்த தேதி, நிறுத்திய தேதி, கடைசிச் சம்பளம், கேட்கும் தொகை, இணைத்த நகல்களின் பட்டியல். மூன்று பிரதி எடுங்கள். ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரைத் தேதியிலிருந்து 45 நாளில் சமரசம் ஆகாவிட்டால் நீங்களே நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நீக்கிய நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். பழைய சட்டத்தில் மூன்று வருஷம் இருந்ததை நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள்.

பணிக்கொடை வேறு பாதை. நிறுவனத்திடம் விண்ணப்பம் கொடுங்கள். 30 நாளில் தராவிட்டால் தொழிலாளர் துறையின் பணிக்கொடைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் போங்கள், தாமதத்துக்கு வட்டியும் கேளுங்கள்.

வக்கீல் செலவுக்குக் கவலை வேண்டாம். பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். அடையாள அட்டையும் முத்திரை வாங்கிய அந்தப் பிரதியும் கொண்டுபோங்கள்.

கிளம்பும் முன் ஒரு வேலை பாக்கி. ஆட்குறைப்பு நடந்த ஒரு வருஷத்துக்குள் நிறுவனம் மறுபடி ஆள் எடுத்தால் நிறுத்தப்பட்டவர்களுக்கு முதல் வாய்ப்பு தர வேண்டும். ஆர்டர் திரும்பி வருவது உண்டு. “விலாசம் தெரியவில்லை, அதனால் கூப்பிடவில்லை” என்று அவர்கள் சொல்ல முடியாதபடி, உங்கள் இப்போதைய முகவரியையும் போன் எண்ணையும் எழுதி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறினால் இன்னொரு கடிதம் அனுப்புங்கள்.